முதல் டிஎஸ்எல்ஆர்: மீன் தொட்டிப் படத்தில் என்ன குறை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்

சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்காகக் காத்திருக்கும். யாராவது ஒரு தம்பி போனை எடுத்துத் தன் தொட்டிப் படத்தைக் காட்டுவார். "நல்லா வரமாட்டேங்குதுண்ணா, ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கிடலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?" படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மீன் இழுபட்டிருக்கும். இல்லையென்றால் கண்ணாடியில் அவருடைய கட்டம்போட்ட சட்டை தெரியும். அதுவும் இல்லையென்றால் தொட்டி முழுக்க நீலம் அப்பியிருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. விலை கூடிய பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தீர்க்காது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் கேமரா டபுள் கிட், அதாவது பெட்டியிலேயே இரண்டு லென்ஸ்: 18-55 மி.மீ. ஒன்று, 70-300 மி.மீ. ஒன்று. "பெரிய லென்ஸ் இருக்கே சார், மீன் கண்ணு வரைக்கும் இழுக்கும்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தால் ஃபோகஸே பிடிக்கவில்லை. 1.1 மீட்டருக்குள் இருக்கும் எதையும் அந்த லென்ஸ் பார்க்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஸ்டூலை எதிர்ச்சுவர் வரை தள்ளிப் போட்டு, அங்கிருந்து நியான் டெட்ராவைக் குறிபார்த்துக்கொண்டிருந்த என்னை வீட்டில் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள்.

அதனால் கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். நண்பரிடம் ஒரு மாலை கேமராவை இரவல் வாங்கி, கூடவே வரும் 18-55 கிட் லென்ஸிலேயே உங்கள் தொட்டியை இருபது படம் எடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விடும் நேரம், நொடியில்), அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்வு) பதிவாகியிருக்கும். அவற்றையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் குறையைத் தேடுங்கள். நான் மனதில் வைத்திருப்பவை நான்கு பாடிகள்: கேனான் 1500டி, கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி3500, நிக்கான் டி5600. இரண்டு நிறுவனங்களும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், முதல் டிஎஸ்எல்ஆர் என்பது இன்று பெரும்பாலும் பழைய கேமராதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீன் இழுபட்டுத் தெரிகிறது

முதலில் மீனைப் பார்க்காதீர்கள், கல்லையும் செடியையும் பாருங்கள். அவை தெளிவாக இருந்து மீன் மட்டும் கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கல், செடி, மீன் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் செடி கூர்மையாக இருந்து மீன் பஞ்சு போல மங்கியிருந்தால் அது ஃபோகஸ் குறை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

கை ஆட்டத்துக்கு ஒரு ஸ்டூலும் தலையணையும் போதும். ட்ரைபாடை நான் தொட்டி முன் வைப்பதில்லை. மீன் இடம் மாறும் வேகத்துக்கு அதன் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கையைத்தான் அடக்கும், மீனை அடக்காது.

ஷட்டர் வேகத்துக்கு வருவோம். டிஸ்கஸ், ஏஞ்சல் போன்ற நிதானக்காரர்களுக்கு 1/100 போதும். கப்பிக்கும் டெட்ராவுக்கும் 1/200 வேண்டும். ஜீப்ரா டேனியோ வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். அதற்கு ஃப்ளாஷ் ஒன்றே வழி.

வேகம் கூட்டினால் படம் இருண்டுபோகிறதா? இங்கேதான் லென்ஸ் கணக்கு வருகிறது. கிட் லென்ஸை 55 வரை இழுத்தால் அபர்ச்சர் 5.6க்கு மேல் திறக்காது. உங்கள் தொட்டி விளக்கில் ஐஎஸ்ஓ 3200 வைத்தும் 1/30தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் (அபர்ச்சர் 1.8 வரை திறப்பது) ஒன்றை மாட்டி 2.8இல் வைத்தால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/30 அப்படியே 1/125 ஆகிவிடும். 1.8 வரை முழுக்கத் திறந்தால் ஒன்பதரை மடங்குக்கும் கொஞ்சம் மேலேயே கிடைக்கும். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் கண் தெளிவாக இருந்தால் வால் கரைந்துவிடும். நான் 2.8க்கும் 4க்கும் நடுவிலேயே நிற்கிறேன்.

கேனானுக்கு 50 எஃப் 1.8 எஸ்டிஎம். நிக்கானுக்கு 35 எஃப் 1.8ஜி. இரண்டும் சிறியவை, கிட் லென்ஸுக்கு அடுத்து எல்லோரும் வாங்குபவை, பழையதாகவும் தாராளமாகக் கிடைப்பவை. நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3500, டி5600 இரண்டிலும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த 'டி' லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். இதற்கு நேரெதிரான வம்பும் உண்டு: டி3100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி வகைப் புது லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகாது. பாடியை ஓரிடத்திலும் லென்ஸை இன்னோரிடத்திலும் வாங்குபவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் பொரிப்பொரியாக வருகிறதே என்று 800க்கு மேல் போகாதவர்கள் இருக்கிறார்கள். தாராளமாகப் போங்கள். பொரியைக் கணினியில் ஓரளவு நீக்கலாம். இழுபட்ட வாலை எதுவும் சரிசெய்யாது.

இனி ஃப்ளாஷ். தொட்டிப் படத்தில் மற்ற எல்லாச் செலவையும்விட இதற்குக் கொடுக்கும் காசுதான் கண்ணுக்குத் தெரியும். கேமராவின் தலையில் இருக்கும் ஃப்ளாஷைச் சொல்லவில்லை. அது கண்ணாடியில் வெள்ளை வட்டமாகத் திரும்பி வரும். தனி ஃப்ளாஷ் ஒன்றைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல், முன்பக்கம் ஓரமாக, முகம் கீழ்நோக்கி லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். வெயில் மேலிருந்து விழுவது போலவே மீன்மேல் வெளிச்சம் விழும். செதிலின் மினுமினுப்பு அப்போதுதான் வரும். ஐஎஸ்ஓ 400, அபர்ச்சர் 8, ஷட்டர் 1/200, கேமரா மேனுவலில், ஃப்ளாஷ் கால்வாசி பலத்தில் என்று தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். மின்னும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு என்பதால் டேனியோவும் சிலையாக நிற்கும். அபர்ச்சர் 8 என்பதால் மூக்கிலிருந்து வால்வரை தெளிவாக இருக்கும். இந்த முறையில் கிட் லென்ஸே போதும். ஆமாம், மேலே சொன்ன 1.8 லென்ஸ்கூட வேண்டாம்.

மூடியில் ஈரம் இருக்கக்கூடாது, ஃப்ளாஷ் வழுக்கி உள்ளே விழக்கூடாது. உள்ளே உயர் அழுத்த மின்சாரம் இருக்கும் பொருள் அது. தொட்டி விளக்கையும் அணைக்காதீர்கள். கும்மிருட்டில் திடீரென்று மின்னினால் மீன் மிரண்டு கண்ணாடியில் முட்டும்.

கேமராவுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவில் ஒரு ட்ரிகர் வேண்டும், படம் எடுக்கும் அதே நொடியில் தள்ளியிருக்கும் ஃப்ளாஷை மின்னவைக்கும் கருவி அது. அதனால் பாடியைத் தேர்ந்தெடுக்கும்போதே கேமராவின் மண்டைமேல் ஃப்ளாஷோ ட்ரிகரோ மாட்டும் இடமான ஹாட் ஷூவைப் பாருங்கள். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் அதன் நடுவில் இருக்கவேண்டிய பெரிய உலோகப் புள்ளி கிடையாது. எந்த நிறுவனத்தின் ஃப்ளாஷையும் ட்ரிகரையும் இயக்குவது அந்தப் புள்ளிதான். மலிவான பொது ட்ரிகரை இந்த மூன்றில் மாட்டினால் ஒன்றும் நடக்காது. ட்ரிகர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கேனானின் சமிக்ஞையைப் புரிந்துகொள்ளும், நடுப்புள்ளி இல்லாத பாடியிலும் வேலை செய்யும் என்று பெட்டியிலேயே சொல்லியிருக்கும் ட்ரிகர்தான் வேண்டும். நிக்கானில் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோகஸ் கிர்ர் கிர்ரென்று தேடிக்கொண்டே இருக்கிறது

பத்தில் ஏழு பேர் வெறுமனே அதிகமாக நெருங்கிவிட்டவர்கள்தான். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதைவிட நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்று ஒரு தூரம் உண்டு: கிட் லென்ஸ் 25 சென்டிமீட்டர், கேனான் 50 லென்ஸ் 35 சென்டிமீட்டர், நிக்கான் 35 லென்ஸ் 30 சென்டிமீட்டர். இந்த அளவு லென்ஸ் முனையிலிருந்து இல்லை, உள்ளே படத்தைப் பதியும் சென்சாரிலிருந்து. பாடியின் மேற்புறம் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் பொறித்திருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான். அங்கிருந்து அடிஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு அடி பின்னால் வந்ததும் சத்தம் நின்றுவிட்டால் லென்ஸில் குறையில்லை.

அப்படியும் தேடினால், கேமரா மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிடிக்கிறது. கீறல், பாசி, வெளிப்பக்கம் பிள்ளைகளின் கைரேகை எல்லாம் அதற்கு நல்ல இலக்கு. முதல்நாளே பாசியைச் சுரண்டிவிடுங்கள். வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள அம்மோனியா மீனுக்கு ஆகாது. ஃபோகஸ் புள்ளியை நடுவில் ஒன்று மட்டும் வையுங்கள். 1500டியின் ஒன்பது புள்ளிகளிலும் டி3500இன் பதினொன்றிலும் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குவகை (குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் பார்ப்பது). மங்கல் வெளிச்சத்தில் நம்பக்கூடியது அதுதான். டி5600இல் 39 புள்ளி, அதில் ஒன்பது குறுக்குவகை. அந்தக் கூடுதல் விலையில் கொஞ்சம் இதற்கானது.

நான் செய்வது வேறு. லென்ஸைக் கைஃபோகஸுக்கு மாற்றி, முன்பக்கம் உள்ள ஒரு இலையைத் தெளிவாக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிட்டிகைத் தீனி போடுவேன். மீன் தானாக வரும். தூண்டில் போடுபவருக்குத் தெரிந்த வித்தைதானே.

திரையைப் பார்த்து எடுக்கும் பழக்கம் உள்ளவரா? போனிலிருந்து வருபவர்கள் எல்லோரும் அப்படித்தான். 1500டி, டி3500, டி5600 மூன்றும் திரையில் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸில் ஆமை. 200டி மார்க் 2 இதில் தனி ரகம். அதன் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும் வசதி இருப்பதால் தொட்ட இடத்தைச் சட்டென்று பிடிக்கும். திரையும் வெளியே விரிந்து திரும்பும், கீழ்த்தட்டுத் தொட்டிக்குத் தரையில் படுக்கவேண்டியதில்லை. ஃப்ளாஷ் இல்லாமல் வெறும் தொட்டி விளக்கில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் நான்கில் எனக்குப் பிடித்தது அதுதான். ஃப்ளாஷ் வைத்து எடுக்கப்போகிறீர்கள் என்றால் டி3500ஐ எடுத்துக்கொண்டு மிச்சக் காசில் ஃப்ளாஷும் ட்ரிகரும் வாங்குங்கள்.

கண்ணாடியில் நானே தெரிகிறேன்

அறை விளக்கு, டிவி, ஜன்னல் மூன்றையும் அடைத்துவிட்டுக் கருப்புச் சட்டை போடுங்கள். முக்கால் பங்கு போய்விடும். மிச்சத்துக்கு, லென்ஸ் முனையில் திருகும் ரப்பர் ஹுட் ஒன்று வாங்கி, அதைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள். ஹுட்டுக்கு வெளியே இருந்து எந்த வெளிச்சமும் உள்ளே வராது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தொட்டிக்கு வேண்டாம். கண்ணாடிப் பிரதிபலிப்பைப் போலரைசர் நன்றாக வெட்டுவது சாய்வாகப் பார்க்கும்போது, ஏறக்குறைய 55 பாகைக் கோணத்தில். நேர் எதிரே நின்று பார்த்தால் அது எதையும் வெட்டாது. ஏற்கெனவே போதாத வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஏரித் தண்ணீரின் பளபளப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

சாய்வாக எடுத்தால் படம் மங்குகிறது, ஓரங்களில் நிறம் பிரிகிறது

இதற்காக லென்ஸை மாற்றியவர்கள் உண்டு. பாவம் அந்த லென்ஸ். தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் காற்றுக்கும் ஒளி வளையும் அளவு வேறு வேறு. நேராக நுழையும் ஒளி வளையாமல் வரும். சாய்வாக வருவது வளைகிறது, ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக வளைகிறது. லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். மீன் வலப்பக்கம் போனால் கேமராவைத் திருப்பாமல் நீங்களே வலப்பக்கம் நகருங்கள்.

கிண்ணத் தொட்டிக்கு வைத்தியம் இல்லை. சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) விஜிபி மரைன் கிங்டம் போன்ற இடங்களில் சுரங்கப் பாதையின் அக்ரிலிக் வளைந்திருக்கும். அங்கே மீன் உங்கள் முகத்துக்கு நேரே வரும் நொடிக்குக் காத்திருங்கள், மற்றதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் ஃப்ளாஷை அணைத்துவிடுவதுதான் மரியாதை.

படம் முழுக்க நீலம்

ரா (RAW) கோப்பில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பில் எடுங்கள், பிறகு கணினியில் மாற்றலாம். ஜேபெக்தான் வேண்டுமென்றால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைத் தொட்டிக்குள் நிறுத்திப் படம் எடுத்து, கேமராவின் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்கு (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) அதைக் காட்டுங்கள். பவளத் தொட்டியின் கருநீல விளக்கில் இதுவும் பலிக்காது. லென்ஸ் முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் வைக்கவேண்டும்.

கருப்புப் பட்டைகள்

ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போலக் கருப்பாக இருந்தால் ஷட்டரை 1/200க்கு மேல் வைத்துவிட்டீர்கள். நான்கு பாடிக்கும் அதுதான் எல்லை. ஃப்ளாஷ் இல்லாமலேயே மங்கலான பட்டைகள் வந்தாலோ, அடுத்தடுத்த படங்கள் இருட்டும் வெளிச்சமுமாக மாறினாலோ குற்றவாளி தொட்டியின் எல்இடி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்துப் பாருங்கள். டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் வையுங்கள், பல விளக்குகள் குறைக்கும்போதுதான் மினுங்குகின்றன.

தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள்

தண்ணீர் மாற்றிய அன்றைக்குப் படம் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். அவை நுண்குமிழிகள். அடுத்த நாளும் இருந்தால் ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுங்கள். மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

வெளியே போனால்: பறவை ஒரு புள்ளி, வானம் ஒரு வெள்ளைத் தாள்

தொட்டிக்கு உதவாத என் 70-300 வெளியில்தான் சோறு போட்டது. வேடந்தாங்கலில் கரைமேல் நின்று நடு ஏரி மரங்களில் இருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுக்க 300 மி.மீ. என்பது குறைந்தபட்சம். கேனான் 55-250 எஸ்டிஎம் என்றால் 1.6ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 400 மி.மீ. பார்வை, ஆனாலும் தூரத்து நாரை சின்னதாகத்தான் வரும். அங்கே இன்னும் பெரிய லென்ஸுக்கு ஆசைப்படுவதைவிட, பள்ளிக்கரணைச் சாலையோரத்தில் கிட்ட வரும் கூழைக்கடாவுக்கும் வீட்டுப் பக்கத்துக் குளத்து மீன்கொத்திக்கும் காத்திருப்பது லாபம்.

பறவை கருப்பாகவும் பின்வானம் வெளுப்பாகவும் வந்தால் கேமரா வானத்தை அளந்து ஏமாந்திருக்கிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு படி கூட்டுங்கள். பறக்கும் பறவை இழுபட்டால் ஷட்டர் 1/1000க்கு மேல். எல்லாம் சரியாக இருந்தும் தூரத்துப் படம் கொதிப்பது போல அலையலையாக இருந்தால் மணி பதினொன்று ஆகியிருக்கும். அது தரையிலிருந்து எழும் சூடான காற்று. எந்த லென்ஸும் உதவாது, மோர் குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கியதும் லென்ஸ் பனி பூத்தது போல் ஆனால் துடைக்காதீர்கள், லென்ஸைக் கழற்றவும் செய்யாதீர்கள். இறங்குவதற்கு அரைமணி முன்பே கேமராவைப் பையோடு ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தப் பனி பூக்காது.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

சென்சாரில் தூசி. கைப்பம்பால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள். எச்சில் பட்டால் தூசியைவிடப் பெரிய செலவு. பழைய கேமரா வாங்கும்போதும் இதே சோதனைதான்: உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போய், அபர்ச்சரை 16இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நிக்கான் என்றால் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது அந்தப் படக் கோப்பிலேயே இருக்கும். டி3500இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. கேனான் 1500டி போன்றவற்றில் கோப்பில் அது இருக்காது, அதனால் கைப்பிடி ரப்பரும் பொத்தான்களும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும்.

கடைசியாக லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளை பிரிந்து ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, கடலோர ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ். பேரம் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் லென்ஸுக்கு அந்தக் கதி வராமல் இருக்க, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போதும். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். நிறம் மாறிய ஜெல்லை வாணலியில் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலறைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.